மூணாறும் வால்பாறையும் ஒரே பயணத்தில்: மதுரையிலிருந்து குடும்பத்துடன் சொந்த வண்டியில் செல்வதற்கு வழி கேட்கிறேன்

கேள்வி: வைகைக்கரையான், மதுரை

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் இறுதியில் பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு விடுமுறை வருகிறது. அப்போது என் பெற்றோர், மனைவி, இரண்டு குழந்தைகள் என ஆறு பேரும் எங்கள் வண்டியிலேயே மலைப்பக்கம் சென்றுவரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். சுற்றுலா முகவர்கள் தரும் திட்டங்கள் சிலவற்றைப் பார்த்தேன். ஒரே பகலில் ஏழெட்டு இடங்களை அடுக்கியிருக்கிறார்கள். எழுபதைக் கடந்த, முழங்கால் வலியுள்ள என் தந்தையால் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்பதால் நானே ஒரு திட்டம் வகுத்துக்கொண்டேன்.

முதல் நாள் மதுரையிலிருந்து தேனி, போடி, போடிமெட்டு வழியாக மூணாறு சென்று தங்குவது. இரண்டாம் நாள் மாட்டுப்பட்டி அணை, குண்டளை, டாப் ஸ்டேஷன், இரவிகுளம் ஆகிய நான்கையும் பார்ப்பது. மூன்றாம் நாள் காலையில் மூணாறிலிருந்து கிளம்பி மதிய உணவுக்கு வால்பாறை சேர்ந்துவிடுவது; வரைபடத்தில் இரண்டு ஊர்களும் அருகருகே இருப்பதாகத் தெரிகிறது. நான்காம் நாள் வால்பாறையிலிருந்து அதிரப்பள்ளி அருவிக்குப் போய்விட்டு மாலையில் திரும்புவது. ஐந்தாம் நாள் பொள்ளாச்சி, பழனி வழியாக வீடு. என் தாயார் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போகவேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதையும் எங்கேயாவது சேர்க்க வேண்டும்.

எங்களுடையது ஏழு பேர் அமரும் டீசல் வண்டி, கையால் கியர் மாற்றும் வகை. நான்குவழிச் சாலையில் நிறைய ஓட்டியிருக்கிறேன். மலைப்பாதையில் ஆள் நிறைந்த வண்டியை ஓட்டிய பழக்கம் குறைவு. சின்னவனுக்கு வளைவுகள் தொடங்கினாலே வாந்தி வந்துவிடும். பெரியவள் குறிஞ்சிப்பூ பார்க்க வேண்டும் என்கிறாள். இந்தத் திட்டம் நடைமுறைக்கு ஒத்துவருமா, எதை விடலாம், எந்தத் திசையில் சுற்றுவது நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: உடுமலைக்காரன்

வணக்கம் ஐயா. உங்கள் திட்டத்தில் மூன்றாம் நாளை முதலில் திருத்துங்கள். அது சரியானால் மற்ற நாள்களும் பெரும்பாலும் சரியாகிவிடும். மூணாறிலிருந்து வால்பாறைக்கு நேர்ச் சாலை கிடையாது. நேர்கோட்டில் அளந்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே 30 கிலோமீட்டர்கூட இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த இடைவெளியில் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும், இரவிகுளம் தேசியப் பூங்காவும், நம் மாநிலப் பக்கத்தில் அக்காமலைப் புல்வெளிகளும் இருக்கின்றன. அவற்றின் ஊடே பொதுமக்கள் வண்டி போகும் பாதை எதுவும் இல்லை. இல்லாமல் இருப்பதே நல்லது. ஆகவே மூணாறிலிருந்து மறையூர், சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கி, சமவெளியில் ஆனைமலை வரை ஓடி, ஆழியாற்றிலிருந்து மறுபடியும் மலையேற வேண்டும். மொத்தம் 150 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். சமவெளிக் கணக்கில் மூன்று மணி நேரம் என்று தோன்றும். குழந்தைகளையும் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு இடையிடையே நிறுத்திச் சென்றால் பகல் முழுவதும் அதற்கே போய்விடும்.

மலைப் பயணத்தில் கிலோமீட்டரைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. எந்தச் சோதனைச்சாவடியை எத்தனை மணிக்குள் கடக்க வேண்டும் என்பதுதான் அது. உடுமலைக்கும் மறையூருக்கும் இடையில் எங்கள் பக்கத்தில் ஒன்பதாறு சோதனைச்சாவடியும், மாநில எல்லையில் சின்னாறு சோதனைச்சாவடியும் உள்ளன. இடைப்பட்ட காடு முழுவதும் யானை வழித்தடம். அந்தத் தொலைவைப் பகல் வெளிச்சத்தில் கடந்துவிடும்படி உங்கள் நாளை அமைத்துக்கொள்ளுங்கள். மாலையில் போய் நின்று, திருப்பி அனுப்பப்பட்டு, அறை தேடி அலையும் குடும்பங்களை ஒவ்வொரு விடுமுறையிலும் பார்க்கிறோம்.

அடுத்தது இரவிகுளம். இதை நீங்கள் இரண்டாம் நாளில் வைத்திருக்கிறீர்கள். மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் மூன்றும் மூணாறிலிருந்து ஒரே சாலையில், அதாவது வட்டவடை போகும் சாலையில் அடுத்தடுத்து வருபவை. இரவிகுளத்தின் நுழைவாயில் அதற்கு வேறு பக்கமாக, மறையூர் சாலையில் இருக்கிறது. எனவே இரண்டாம் நாளை டாப் ஸ்டேஷன் பக்கத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, மூணாறைக் காலி செய்து கிளம்பும் மூன்றாம் நாள் காலையில் இரவிகுளத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே மறையூர் நோக்கி இறங்கிவிடலாம். அதே சாலையில் லக்கம் அருவியும் வரும். பூங்காவுக்குள் உங்கள் வண்டியை விடமாட்டார்கள். வனத்துறைப் பேருந்தில் ராஜமலைக்கு அழைத்துச் செல்வார்கள். சீட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுவது நல்லது. நீங்கள் போகும் சமயத்தில் பூஜை விடுமுறையும் காந்தி ஜெயந்தியும் அடுத்தடுத்து வரக்கூடும். கேரளக் குடும்பங்களும் அப்போதுதான் கிளம்புவார்கள். வரையாடுகள் குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவது வழக்கம். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

குறிஞ்சியைப் பற்றி மகளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இரவிகுளத்தில் நீலக்குறிஞ்சி கடைசியாகப் பரவலாகப் பூத்தது 2018 இல். பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030. வேறு சில குறிஞ்சி வகைகள் அங்கங்கே இடையில் பூப்பதுண்டு என்றாலும் அதை நம்பிப் பயணம் போட முடியாது. அதற்குப் பதிலாக வரையாட்டை மிக அருகில் பார்க்கலாம். நம் மாநில விலங்கை நிம்மதியாகப் பார்ப்பதற்கு அடுத்த மாநிலத்துக்குப் போகவேண்டியிருக்கிறதே என்ற ஆதங்கம் எனக்கு எப்போதும் உண்டு; அது வேறு கதை.

அதிரப்பள்ளியை இந்த முறை விட்டுவிடுங்கள். வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை சென்று, அங்கிருந்து வாழச்சால் வரை அடர்ந்த காட்டுக்குள் போகும் சாலை அது. நுழையும்போது நேரம் குறித்துச் சீட்டுக் கொடுப்பார்கள். இடையில் நிறுத்தக் கூடாது. மாலையில் தடுப்புக் கட்டையை இறக்கிவிடுவார்கள். கபாலி என்று பெயர் சூட்டப்பட்ட ஒற்றை யானையால் 2022 நவம்பரில் ஒரு தனியார் பேருந்து எட்டுக் கிலோமீட்டர் தொலைவு பின்னோக்கியே ஓட்டப்பட்ட சாலை அது. ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும் என்றால் அருவியில் நிற்கும் நேரத்தைவிட வண்டியில் உட்காரும் நேரம் பல மடங்கு ஆகும். அதிரப்பள்ளி பார்க்க வேண்டுமானால் சாலக்குடி பக்கமாக இறங்கிப் போகும் வேறொரு பயணத்தில் பாருங்கள்.

என் யோசனை இது. முதல் இரண்டு இரவுகள் மூணாறு. மூன்றாம் நாள் இரவிகுளம், மறையூர் பார்த்துக்கொண்டு சின்னாறு வழியாக இறங்கிப் பொள்ளாச்சியில் தங்கல். நான்காம் நாள் காலையில் மாசாணியம்மன் தரிசனம், பிறகு ஆழியாறு, வால்பாறை. ஐந்தாம் நாள் திரும்புதல். திசையைப் பொறுத்தவரை நீங்கள் போட்டிருப்பதே சரி. முந்தலில் தொடங்கிப் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள்தான். போடிமெட்டிலிருந்து மூணாறு வரை சாலையை நன்றாக அகலப்படுத்திவிட்டார்கள். கை பழகுவதற்கு ஏற்ற பாதை. வால்பாறையின் 40 வளைவுகளுக்கு வரும்போது வண்டியின் குணம் உங்களுக்குப் பிடிபட்டிருக்கும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஓட்டுநர், பொள்ளாச்சி

வழியைப் பற்றி உடுமலைத் தம்பி விரிவாகச் சொல்லிவிட்டார். ஓட்டுவதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். மலைச்சாலையில் பேருந்து ஓட்டிப் பணி ஓய்வு பெற்றவன் நான்.

ஏறுவது கடினம், இறங்குவது எளிது என்று புதியவர்கள் எண்ணுகிறார்கள். உண்மை நேர்மாறானது. ஏறும்போது தவறு செய்தால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும்போது தவறு செய்தால் வண்டி நிற்காது. ஆறு பேரும் சாமான்களும் ஏறிய வண்டியை வால்பாறையிலிருந்து ஆழியாறு வரை 40 வளைவுகளிலும் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால், பாதி வழியிலேயே டிஸ்க் காய்ந்து கருகிய வாடை வரும். அதற்குப் பிறகு மிதித்தாலும் பிரேக் முன்புபோல் பிடிக்காது. ஆகவே எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று எங்கள் மூத்தவர்கள் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். சரிவில் இரண்டாவது கியர், கூர்மையான வளைவில் முதல் கியர். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்து வேகத்தைக் குறைத்ததும் காலை எடுத்துவிட வேண்டும்; தொடர்ந்து அழுத்திக்கொண்டே வரக் கூடாது. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவதும், இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவதும் உயிரோடு விளையாடுவது. இன்ஜின் நின்றால் ஸ்டியரிங்கும் இறுகும், பிரேக்குக்குக் கிடைக்கும் துணையும் சிறிது நேரத்தில் போய்விடும்.

கருகிய வாடை வந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். அவசரப்பட்டுச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான டிஸ்க் வளைந்துபோகும். ஏறும்போது வெப்பமானியின் முள் மேலே போகத் தொடங்கினால் ஏசியை அணையுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பிரேக் பேடு, பிரேக் ஆயில், கூலன்ட், ஸ்டெப்னி உள்பட ஐந்து டயர்கள் ஆகியவற்றைப் பணிமனையில் காட்டிவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் காட்டினால் குறை தெரிந்தும் சரிசெய்ய நேரம் இருக்காது.

குறுகிய இடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் ஏறி வரும் வண்டிக்குத்தான் இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். விதியும் அதுதான், மலை வழக்கமும் அதுதான். கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்புவதற்கு முழுச் சாலையும் வேண்டும். அது வருவதைப் பார்த்துவிட்டால் வளைவுக்குள் நுழையாமல் முன்பே நின்றுவிடுங்கள். வளைவை நெருங்கும்போது எதிரே இருக்கும் சாலையை மட்டும் பார்க்காமல், அதற்கு மேலேயும் கீழேயும் தெரியும் சாலை அடுக்குகளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டால், அடுத்த வளைவில் உங்களைச் சந்திக்கப்போகும் வண்டி எது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். பழகிய ஓட்டுநர்கள் நிதானமாக ஓட்டுவதற்குக் காரணம் துணிச்சல் இல்லை, இந்தப் பார்வைதான். பின்னால் வருபவர் ஒலிப்பான் அடித்து நெருக்கினால் நேரான இடத்தில் ஓரம் ஒதுங்கி அவரை அனுப்பிவிடுங்கள். மூடுபனியில் முகப்பு விளக்கைத் தாழ்த்தியே வையுங்கள். உயர்த்தினால் வெண்திரைதான் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உடுமலைத் தம்பியோடு நான் வேறுபடுகிறேன். வால்பாறையிலிருந்து இறங்கும் அதே நாளில் மதுரை வரை ஓட்டுவது ஏறத்தாழ 240 கிலோமீட்டர். நாற்பது வளைவு இறங்கிய கையோடு நான்குவழிச் சாலையில் ஏறினால், மலையில் விழிப்பாக இருந்த கண் அங்கேதான் சொக்கும். காலை ஏழு மணிக்கெல்லாம் வால்பாறையை விட்டுக் கிளம்பி, பழனியில் உண்டு, சற்றுப் படுத்து எழுந்து போங்கள். இல்லையென்றால் இன்னொரு நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: கலைவாணி, திருப்பூர்

வணக்கம் சகோதரரே. ஆண்கள் இருவரும் சாலையையும் வண்டியையும் பார்த்துக்கொண்டார்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் மற்ற ஐந்து பேரைப் பற்றியும் யாராவது பேச வேண்டும் அல்லவா?

வாந்தி எடுக்கும் குழந்தையைக் கடைசி வரிசையில் உட்கார வைக்காதீர்கள். வளைவுகளில் அதிகம் ஆடுவது பின்பகுதிதான். நடு வரிசையில், முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரியும்படி உட்கார்ந்தால் பெருமளவு குறையும். கையில் கைப்பேசியும் புத்தகமும் இருக்கவே கூடாது. குனிந்த தலையோடு இருந்தால் வாந்தி நிச்சயம். வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது, பூரியும் எண்ணெய்த் தோசையும் தின்றுவிட்டும் ஏறக் கூடாது. இரண்டு இட்லி கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மலையேறுங்கள். இஞ்சி மொரப்பாவும் எலுமிச்சம்பழமும் என் பையில் எப்போதும் இருக்கும். மாத்திரை கொடுப்பதாக இருந்தால் குழந்தையின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் முன்பே கேட்டு வாங்குங்கள்; அதைப் புறப்படுவதற்கு முன் கொடுத்தால்தான் பலன், வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை. மாற்றுடையை டிக்கியின் அடியில் புதைத்துவிடாமல் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். ஜன்னல்களை இறக்கிக் காற்றை உள்ளே விடுவதைப்போல மருந்து வேறில்லை; போடிமெட்டு தாண்டினால் ஏசிக்குத் தேவையும் இராது.

உங்கள் தந்தையாரின் முழங்காலுக்கு டாப் ஸ்டேஷன் ஏற்றதில்லை. காட்சி முனைக்குச் சரிவில் இறங்கிப் போய் மறுபடி ஏறி வரவேண்டும். அவர் வண்டி நிறுத்தும் இடத்திலேயே தேநீர் குடித்துக்கொண்டு இருக்கலாம் என்றால் போங்கள். பழைய கதைகளில் விருப்பமுள்ளவர் என்றால் இதைச் சொல்லுங்கள்: மூணாறின் தேயிலை அந்தக் காலத்தில் ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் போய்ச் சேர்ந்தது. 1924 ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. இரவிகுளத்திலும் பேருந்திலிருந்து இறங்கிய பிறகு மேடேறி நடக்க வேண்டியிருக்கும். ஆனால் சாலை நன்றாக இருப்பதால், முடிந்த வரை நடந்து, முடியாத இடத்தில் நின்று திரும்பிவிடலாம். வரையாடுகள் பல நேரங்களில் சாலையோரத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும்.

பொள்ளாச்சித் தங்கலைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. இரவிகுளத்தையும் பார்த்துவிட்டு, மறையூரில் இறங்கிச் சுற்றிவிட்டு, இருட்டுவதற்குள் சின்னாற்றைக் கடக்க வேண்டும் என்றால் அந்த நாள் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். அதற்கு மூன்றாம் இரவை மறையூரிலேயே கழித்துவிடலாம். மூணாறில் மழை கொட்டும்போதும் மறையூர் பெரும்பாலும் காய்ந்திருக்கும். மழைமறைவுப் பகுதி அது. சந்தனக் காடு, முனியறைகள் என்று அழைக்கப்படும் பெருங்கற்காலக் கல்லறைகள், கரும்புத் தோட்டத்து ஓரத்தில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை எல்லாம் அதிக நடை இல்லாமலே பார்க்கக்கூடியவை. கொப்பரையில் பாகு பொங்குவதைக் குழந்தைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். மறையூர் வெல்லத்துக்கு 2019 இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மறுநாள் காலையில் சின்னாற்றை இளவெயிலில் கடந்தால் குரங்கோ மானோ சாம்பல் நிற மலையணிலோ கண்ணில் படவும் வாய்ப்பு அதிகம்.

இன்னும் ஒன்று. மலைமேல் நிறுத்தினால் கழிப்பறை இருக்கும் இடம் எது என்பதையும் உங்கள் திட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பெண்களும் முதியவர்களும் தண்ணீர் குடிக்காமலே மணிக்கணக்கில் உட்கார்ந்து வருவதற்கு இதுதான் காரணம். வண்டி ஓட்டுபவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

மறுமொழி: சோலையாற்றங்கரை, வால்பாறை

எங்கள் ஊருக்கு வரவிருப்பதில் மகிழ்ச்சி. வருவதற்கு முன் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாடு, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் வந்துவிட்டது. இணையத்தில் வண்டி எண்ணையும் வரும் நாளையும் பதிந்தால் கிடைத்துவிடும்; மலையடிவாரத்தில் சிக்னலைத் தேடிக்கொண்டு நிற்பதைவிட வீட்டிலேயே எடுத்துவருவது நல்லது. தண்ணீரை நெகிழிப் புட்டிகளில் வாங்கி அடுக்காமல் எவர்சில்வர் குடுவைகளில் கொண்டுவாருங்கள். கேரளத்துக்குள் போவதற்கு வெள்ளை எண் பலகை உள்ள சொந்த வண்டிக்குத் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை. பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று இருந்தால் போதும்.

ஆழியாற்றிலிருந்து ஏறும்போது ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சி முனை வரும். ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் கீழே தெரியும். வண்டியை விட்டு இறங்கினாலே காட்சி என்பதால் உங்கள் தந்தையாருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அங்கும் அட்டகட்டிப் பக்கத்திலும் பாறைச் சரிவுகளில் வரையாடுகள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மேலே வந்த பிறகு புதுத்தோட்டம் அருகே சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். அவை மரத்துக்கு மரம் போவதற்காகச் சாலைக்கு மேலே தொங்குபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். தயவுசெய்து எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். சுற்றுலா வண்டிகள் நிற்கும் இடத்தில் உணவு கிடைக்கும் என்று பழகியதால்தான் அவை சாலைக்கு இறங்கிச் சக்கரத்தில் அடிபடுகின்றன.

வால்பாறையில் மாலை ஆறு மணிக்கு மேல் குழந்தைகளை அறைக்கு வெளியே விளையாட விடாதீர்கள். இதை அழுத்தமாகச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே சிறுத்தை நடமாடுவது இங்கே அன்றாடம். எஸ்டேட் குடியிருப்புகளில் சிறு குழந்தைகளையே இழந்த குடும்பங்கள் உள்ளன. தேயிலைச் செடிகளுக்குள் இறங்கிப் படம் எடுப்பதையும் தவிர்க்கலாம். யானைகளைப் பொறுத்தவரை இங்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது. வனத்துறையும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றும் சேர்ந்து உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். அருகில் யானைக் கூட்டம் இருந்தால் அதை எரிய விடுவார்கள், எங்கள் கைப்பேசிகளுக்கும் செய்தி வரும். சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தால் அந்தப் பக்கம் போகாமல் விசாரித்துவிட்டுச் செல்லுங்கள். சாலையில் யானையே நின்றால் ஒலிப்பான் அடிக்காமல், விளக்கை மின்னவிடாமல், வண்டியைத் திருப்ப முயலாமல், தொலைவிலேயே நின்று காத்திருங்கள். எங்கள் ஊர்ப் பேருந்துகளும் அப்படித்தான் காத்திருக்கும்.

ஆற்றில் குளிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூழாங்கல் ஆறு பார்ப்பதற்கு முழங்கால் அளவு தண்ணீர் போலத் தெரியும். மலையில் பெய்யும் மழையால் சட்டென்று நீர் ஏறும், பாறைகளில் வழுக்கும். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செப்டம்பர் இறுதியில் தென்மேற்குப் பருவமழை தணிந்திருந்தாலும் எங்கள் ஊரில் மழை முழுதாக விட்டிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கிளம்பும் நாளில் மூணாறிலும் வால்பாறையிலும் கன மழை எச்சரிக்கை இருந்தால் ஒரு நாள் தள்ளிப்போட்டு வாருங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறுக்கும் மறையூருக்கும் இடையே பெரியவாரைப் பாலமே இடிந்தது; 2020 ஆகஸ்டில் ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மண்சரிவில் எழுபது பேர் மாண்டார்கள், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். உங்களை அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அறைக்குக் கட்டிய முன்பணம் போய்விடுமே என்று மழையில் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக எழுதுகிறேன். அறை எடுக்கும்போதே மழை காரணமாக நாள் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓர் இரவு மட்டும் வால்பாறையில் தங்கிவிட்டு ஓடுவதாக இருந்தால், நேர்மையாகச் சொல்கிறேன், வரவே வேண்டாம். மாலையில் ஏறி, காலையில் இறங்கினால் 40 வளைவுகளை இருமுறை எண்ணியது மட்டும்தான் மிஞ்சும். இரண்டு இரவுகள் தங்கினால் நடுவில் ஒரு முழுப் பகல் கிடைக்கும். நல்லமுடிப் பூஞ்சோலை, சோலையாறு அணை, கருமலை பாலாஜி கோயில் எல்லாவற்றையும் அவசரமில்லாமல் பார்க்கலாம். வாய்த்தால் இருவாட்சிப் பறவையின் சிறகொலியையும் கேட்கலாம்.

கேள்வி கேட்டவர்: வைகைக்கரையான், மதுரை

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, திட்டத்தை இப்படி மாற்றியிருக்கிறோம். அதிரப்பள்ளியை எடுத்துவிட்டோம். மூணாறில் இரண்டு இரவுகள். அதில் இரண்டாம் நாள் மாட்டுப்பட்டி, குண்டளையோடு நின்றுகொள்வோம், டாப் ஸ்டேஷன் போவதை அன்றைய வானிலையையும் அப்பாவின் முழங்காலையும் பார்த்து முடிவு செய்வோம். மூன்றாம் நாள் இரவிகுளம் பார்த்துவிட்டு மறையூரில் தங்கல். நான்காம் நாள் காலையில் சின்னாறு கடந்து, உடுமலை வழியாக ஆனைமலை சென்று அம்மனைத் தரிசித்துவிட்டு, வால்பாறை. அங்கே இரண்டு இரவுகள். ஆறாம் நாள் விடியலில் இறங்கி, பழனியில் இளைப்பாறி, வீடு. அலுவலகத்தில் ஒரு நாள் கூடுதலாக விடுப்புக் கேட்டிருக்கிறேன். குறிஞ்சி 2030 இல்தான் என்றதும் பெரியவள் கணக்குப் போட்டுப் பார்த்து, அப்போது தான் கல்லூரியில் இருப்பேன் என்றும், தோழிகளோடு வருவேன் என்றும் அறிவித்துவிட்டாள்.

இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. நான்காம் நாள் மறையூரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே வால்பாறை சேரலாம்? ஆறு பேர் அமர்ந்தால் பின்னால் பெட்டி வைக்க இடம் போதவில்லை. மேலே கேரியர் பொருத்தி நான்கு பெட்டிகளையும் அதில் கட்டிவிடலாமா?

மறுமொழி: உடுமலைக்காரன்

மாற்றிய திட்டம் நன்றாக இருக்கிறது. மறையூர்த் தங்கல் என் யோசனையைவிட மேலானது. எட்டு மணிக்குள் மறையூரை விட்டுக் கிளம்புங்கள். உடுமலைக்குப் பத்து மணியளவில் வந்துவிடலாம். அமாவாசையன்று மாசாணியம்மன் கோயிலில் வரிசை வெகுநீளமாக இருக்கும். செவ்வாய், வெள்ளியிலும் கூட்டம் உண்டு. உங்கள் நான்காம் நாள் அப்படிப்பட்ட நாளாக அமையாதபடி காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். தரிசனம் முடித்து மதிய உணவை ஆனைமலையிலோ ஆழியாற்றிலோ முடித்துக்கொண்டு, இரண்டு மணிக்குள் ஆழியாறு சோதனைச்சாவடியைத் தாண்டிவிட்டால், லோம்ஸ் முனையில் நின்று பார்த்தாலும் ஐந்து மணிக்குள் அறைக்குப் போய்விடுவீர்கள். உங்கள் குழந்தைக்காக ஆழியாற்றில் மீன் வறுவலைக் கண்டும் காணாததுபோல் கடந்துவிடுங்கள். இறங்கி வரும் நாளில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஓட்டுநர், பொள்ளாச்சி

நான்கு பெட்டிகளையும் மேலே ஏற்ற வேண்டாம். கூரையில் எடை கூடினால் வளைவில் வண்டி சாயும் அளவு கூடும். சமவெளியில் இது தெரியாது, கொண்டை ஊசியில் நன்றாகத் தெரியும். கனமான பெட்டிகளைக் கடைசி வரிசையில் ஆள் அமராத பாதி இருக்கையை மடக்கித் தரையோடு வையுங்கள். கம்பளி, போர்வை, துணிப்பை போன்ற எடையில்லாதவற்றை மட்டும் மேலே ஏற்றி, தார்ப்பாய் போர்த்தி, கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். கூரை எவ்வளவு எடை தாங்கும் என்பது வண்டியோடு கொடுத்த கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டாதீர்கள். டயரில் காற்றின் அளவையும் அதே கையேட்டில் முழுச்சுமைக்கு என்று போட்டிருப்பதைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது அடித்துக்கொள்ளுங்கள். போடியில் வண்டியை நிறுத்தி, கட்டிய கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மலையேறுங்கள்.